தில்லிக்குப் போன சேறு

தில்லியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் அப்பளம், வடுமாங்காய், முறுக்கு என்று எதையாவது கொண்டுபோவார்கள். நான் சேறு கொண்டுபோனேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கடலூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஆராய்ச்சி என்பது பெரிய வார்த்தை. படகில் போய், நாலடி நீளமுள்ள பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை ஆற்றின் தரையில் செங்குத்தாக நிறுத்தி, தலையில் மரக்கட்டையால் அடித்துப் புதைத்து, வாயை அடைத்து மறுபடி உருவி எடுப்பதுதான் வேலை. குழாய்க்குள் ஆற்றுத்தரை அடுக்குக் குலையாமல் ஏறியிருக்கும். உச்சியில் நேற்று படிந்த வண்டல். கீழே போகப்போக அப்பா காலத்து வண்டல், தாத்தா காலத்து வண்டல்.

அந்த முகத்துவாரத்தை வைத்து ஊரில் ஒரு சண்டை. ஒரு காலத்தில் பெரிய படகுகளே தாராளமாக உள்ளே வரும் ஆழம் இருந்ததாம். இப்போது சின்னப் படகுகூடத் தரை தட்டியது. அந்த வருஷம் ஏழுமலை என்பவரின் படகு அப்படித் தட்டி, பின்னால் வந்த அலையில் கவிழ்ந்து, அவருக்குக் கால் முறிந்தது. அவர் படகில்தான் நான் சேறு எடுக்கப் போவது வழக்கம். மீனவர்கள், “வருஷா வருஷம் தூர்ந்துபோகுது, வருஷா வருஷம் தோண்டணும்” என்றார்கள். பொறியாளர்கள், “ஒருமுறை தோண்டினால் ஒரு தலைமுறைக்குத் தாங்கும்” என்றார்கள். யார் சொல்வது சரி என்பது, சேறு எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது.

அதைக் கண்டுபிடிக்கும் கருவி தில்லியில் இருந்தது. மழையோடு வானத்திலிருந்து ஒருவகை ஈயம் துளித்துளியாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. சேற்றில் புதைந்தபின் அது மெல்ல மெல்ல அழிகிறது. எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் அந்த அடுக்குக்கு என்ன வயது என்று சொல்லிவிடலாம். என்னிடம் சேறு இருந்தது. ஆனால் ஒரே ஒரு குழாய்தான். நான் எடுத்த சில வாரங்களிலேயே தூர்வாரும் கப்பல் வந்து அந்த இடத்தை அடியோடு அள்ளிப் போய்விட்டது. பழைய தரை என்று மிச்சமிருந்தது என் குழாய்க்குள் இருந்தது மட்டுமே.

“சாயக் கூடாது, குலுங்கக் கூடாது, காயக் கூடாது” என்று சொல்லி வழியனுப்பினார் என் பேராசிரியர். மே மாதத்துத் தில்லிக்கு, இரண்டாம் வகுப்புப் பெட்டியில்.

ஜன்னல் கம்பியோடு துப்பட்டாவால் குழாயைக் கட்டி நிமிர்த்தி வைத்தேன். எதிரில் இருந்த ராணுவ வீரர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “தம்பூராவா?” என்று கேட்டார். டிக்கெட் பரிசோதகருக்கு வேறு குழப்பம். “இது ஆளா, சாமானா? ஆளென்றால் டிக்கெட் காட்டுங்கள். சாமானென்றால் படுக்கைக்கு அடியில் தள்ளுங்கள்.” படுக்கக்கூடாத சாமான் என்று விளக்கினேன். அவர் இன்னொரு முறை குழாயைப் பார்த்து, “கொடுத்து வைத்தது. எனக்கும் படுக்கத்தான் இடமில்லை” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். விஜயவாடாவில் ராணுவ வீரர் ஆளுக்கொரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம் வாங்கினார். போபாலுக்குள் பெட்டி முழுக்க என்னை ‘மிட்டிவாலி மேடம்’ என்று அழைக்க ஆரம்பித்துவிட்டது. மண்காரம்மா.

நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கியதும் வெயில் முகத்தில் தோசைக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. எங்கள் ஊர் வெயில் வியர்க்க வைக்கும். தில்லி வெயில் வியர்க்கக்கூட விடாது, வெளியே வருவதற்குள் அதையும் குடித்துவிடும். நான் என்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. குழாய்க்கு ஈரத்துண்டு சுற்றினேன்.

நாலைந்து ஆட்டோக்கள் குழாயைப் பார்த்ததும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டன. கடைசியில் ஒரு பெரியவர் ஏற்றிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் ஒரு தடுப்புக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் கையை நீட்டினார். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று பஸ்ஸுக்கு பஸ் எழுதிவைத்திருந்த காலம் அது. இரண்டு பக்கமும் அடைத்த குழாயை மடியில் குழந்தை மாதிரி நிமிர்த்திப் பிடித்திருந்த ஒருத்தியைப் பார்த்தால் அவர் வேறென்ன செய்வார்?

“உள்ளே என்ன?”

“மிட்டி.”

“எங்கேயிருந்து?”

“தமிழ்நாடு.”

“ஏன், தில்லியில் மண் தீர்ந்துபோய்விட்டதா?”

என் ஹிந்தி அதோடு தீர்ந்துபோயிருந்தது. அவர் லத்தியால் குழாயைத் தட்டப் போனார். “ஐயோ, குலுக்காதீங்க!” என்று தமிழில் கத்தினேன். அவர் பின்வாங்கி விசிலை வாயில் வைத்தார். அதற்குள் ஆட்டோக்காரர் இறங்கிப் போய் அவர் காதில் ஏதோ சொன்னார். போலீஸ்காரர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றிவிட்டு, குழாயைப் பார்த்துக் கைகூப்பி, போகச் சொன்னார்.

“என்ன சொன்னீர்கள்?” என்று கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன்.

“அஸ்தி என்று சொன்னேன். யமுனையில் கரைக்கப் போகிறீர்கள் என்றேன்.” அப்புறம் திரும்பிப் பார்த்து, “அஸ்திதானே?” என்றார். அவர் முகத்தில் அப்படியொரு இரக்கம். மறுக்க எனக்கு மனசும் வரவில்லை, ஹிந்தியும் வரவில்லை.

லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் முதல் மாடியில் செல்லம்மா சித்தி இருந்தாள். அம்மாவின் சித்தி மகள். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். சித்தப்பா சண்முகம் பிள்ளை மத்திய அரசில் அதிகாரி. மகள் சுதா தில்லியிலேயே பிறந்து கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வெங்காயமும் பூண்டும் போனால் போகிறதென்று அனுமதிக்கப்பட்ட சுத்த சைவ வீடு.

“ஏட்டி வடிவு, வாட்டி! என்னத்தட்டி இது, கொழாயத் தூக்கிட்டு வந்திருக்கே? இங்க ஒனக்குக் குளிக்கத் தண்ணி கெடைக்காதுன்னு ஒங்கம்மா சொன்னாளா?”

விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: “இது எந்த மினிஸ்ட்ரில வரும்?”

“தெரியலையே சித்தப்பா.”

“ஆத்துச் சேறுன்னா ஆத்துத் தண்ணி பாக்கிறவன் டிபார்ட்மெண்ட். கடல் சேறுன்னா கடல் பாக்கிறவன் டிபார்ட்மெண்ட். ஒன் சேறு எங்க இருந்து எடுத்தது?”

“ரெண்டும் சேர்ற இடத்துல.”

“அப்ப யாருக்கும் கெடையாது. டீக் ஹை. நீயே வச்சுக்கோ.”

சுதா குழாயைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு முனையில் சிவப்புச் சாயத்தில் ‘மேல்’ என்றும் மறுமுனையில் ‘கீழ்’ என்றும் எழுதியிருந்தேன். அவள் எழுத்துக்கூட்டினாள். “மே... ல்... மேல்! அக்கா, மிட்டிகூட மேல், ஃபீமேல் இருக்கா?”

“கேட்டியா இவ தமிழ? தமிழ் ஸ்கூலு கூப்புடு தூரத்துல இருக்கு. ஹிந்தி மீடியத்துல போட்டாக இவுக” என்றாள் சித்தி, சித்தப்பாவைக் கண்ணால் குத்தியபடி.

மறுநாள் காலை ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். அங்கே கருவிக்குப் பொறுப்பாளர் டாக்டர் பல்லா என்ற அம்மாள். பெயரைக் கேட்டதும் தில்லிக்காரர்கள் ‘தஹி பல்லா’ என்று சொல்லும் தயிர்வடை ஞாபகம் வந்தது. ஆளும் அப்படித்தான், மெத்தென்று, வெள்ளையாக, மேலே கொஞ்சம் காரத்தோடு. நரைத்த தலையில் பென்சிலைச் செருகியிருந்தார். கருவியைக் காட்டினார். ஈயச் செங்கல்லால் கட்டிய ஒரு சின்னக் கோட்டை, கீழே எவர்சில்வர் தவலை.

“இதற்குத் தாகம் அதிகம்” என்றார் ஆங்கிலத்தில். “திரவ நைட்ரஜன்தான் குடிக்கும். அந்த வண்டி வரவில்லை. திங்கட்கிழமை வரும்.”

“அதுவரை சேற்றை உங்கள் குளிர் அறையில் வைக்கலாமா?”

“குளிர் அறை இருக்கிறது. குளிர்தான் ரிப்பேருக்குப் போயிருக்கிறது.”

கதவைத் திறந்து காட்டினார். வெளியைவிட உள்ளே சூடாக இருந்தது. யாரோ அங்கே ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைப்பதற்குப் பதில் வைத்திருந்தார்கள் என்றால் நம்பமாட்டீர்கள். மேடம் அதிலிருந்தே ஒரு துண்டு மாங்காய் எடுத்துக் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

குழாயோடு திரும்பி வந்தேன். சித்தியின் ஃபிரிட்ஜ் இடுப்புயரம். குழாய் அதற்குள் நிற்காது, படுக்கவைக்கவும் கூடாது. வீட்டை ஒரு சுற்று சுற்றிய சித்தப்பாவின் பார்வை கூலரில் போய் நின்றது. தில்லி கூலரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜன்னலுக்கு வெளியே மாட்டிய பெரிய தகரப்பெட்டி, மூன்று பக்கமும் ஈரப்புல் தட்டி, அடியில் தண்ணீர்த் தொட்டி, நடுவில் விமானத்துக்குப் பொருத்தவேண்டிய மின்விசிறி. அந்தத் தொட்டியின் மூலையில் குழாயை நிமிர்த்தி நிறுத்தினோம். சாயவில்லை, காயவில்லை. கொஞ்சம் குலுங்கியது, அதற்குக் கீழே சித்தப்பாவின் பழைய செருப்பை வைத்தேன்.

“அரசாங்கத்துல இருந்தா மூளை வேல செய்யாதுன்னு சொல்லுதாளே ஒன் சித்தி, பாக்கச் சொல்லு” என்றார் சித்தப்பா.

மத்தியானம் எல்லோரும் கூலர் காற்றில் படுத்தோம். சற்று நேரத்தில் சித்தி எழுந்து உட்கார்ந்தாள். மோந்தாள்.

“ஏங்க, யாரோ கருவாடு வறுக்காங்க.”

எனக்குப் புரிந்துவிட்டது. கழிமுகத்துச் சேற்றுக்கு என்று ஒரு மணம் உண்டு. அழுகிய இலை, நண்டு, உப்பு, பழைய மீன் எல்லாம் கலந்தது. அதற்கு நான் பழகிப் போயிருந்தேன். குழாயின் வாயை அடைத்திருந்த மெழுகு வெயிலில் இளகி நூலிழை விட்டிருக்கவேண்டும். தில்லிக் கூலர் அதைப் பிடித்து முதல் மாடி முழுக்க விநியோகம் செய்துகொண்டிருந்தது.

விநியோகம் முதல் மாடியோடு நிற்கவில்லை. சாயங்காலம் மேல்வீட்டு வங்காளி முகர்ஜி அம்மா கிண்ணத்தோடு வந்து நின்றார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. “மிஸஸ் பிள்ளை, இத்தனை வருஷமா எங்ககிட்ட மறைச்சுட்டீங்களே! என்ன மீன்? எங்க ஊர்ல மட்டும்தான் இந்த வாசனை வரும்னு நெனச்சேன்.”

சித்தியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. “நஹீ நஹீ, மிட்டி, மிட்டி!” என்று அவள் கூலரைக் காட்டினாள். கூலருக்குள் மண்ணை ஒளித்து வைப்பதாக யார் நம்புவார்கள்? முகர்ஜி அம்மா கண்ணைச் சிமிட்டி, “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று ரகசியக் குரலில் சத்தியம் செய்துவிட்டுப் போனார். இருட்டுவதற்குள் கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரர் சித்தப்பாவைப் பார்த்து, “பிள்ளை சாப், நல்ல முடிவு, உடம்புக்கு பலம்” என்றாராம்.

“வெள்ளிக்கெழம வெளக்கு பூஜைக்கு இருவது பொம்பளைங்க வாறாங்கட்டி இங்க!” சித்தி அழுதேவிட்டாள். “நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு அவுகளுக்குச் சுண்டல் குடுப்பேன்?”

அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். “ஒன் வேலைக்கு நான் எடஞ்சலா இருக்கேனாட்டி?” என்று அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டதும், குழாயைத் தூக்கிக்கொண்டு அப்போதே ஊருக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

சித்தப்பா யோசித்தார். “நாத்தம் தப்பில்ல. நாறுத எடந்தான் தப்பு. நாறவேண்டிய எடத்துல கொண்டு வச்சுட்டா யார் கேக்கப்போறா?”

வெள்ளிக்கிழமை காலை ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனோம். சித்தப்பா வழக்கமாக அப்பளமும் கறிவேப்பிலையும் வாங்கும் கடைக்கு எதிர்வரிசையில் மீன் கடைகள். அந்தப் பக்கம் அவர் அதுவரை திரும்பிப் பார்த்ததுகூட இல்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு அன்றைக்குத் திரும்பினார். வர்கீஸ் என்ற மலையாளி கடையில் ஆளுயர ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது.

“சேறோ?” என்றார் வர்கீஸ். “எந்து சேறு?”

“கடலும் ஆறும் சேர்ற இடத்துச் சேறு.”

“காயல் சேறு! எங்க வீட்டு வாசல்ல அதுதன்னே கிடக்குது.” மூடிக்குப் பக்கத்தில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தார். முகம் மலர்ந்தது. அந்த நகரத்தில் என் சேற்றை முகர்ந்து சந்தோஷப்பட்ட முதல் மனிதர். ஐஸ் பெட்டியின் மூலையில் இரண்டு பெரிய மீன்களுக்கு நடுவில் குழாய் நிமிர்ந்து நின்றது. திங்கட்கிழமை காலை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். விளக்கு பூஜை ஊதுபத்தி மணத்தோடு நடந்தது. சுண்டல் மிச்சமில்லை.

சனிக்கிழமை மயூர் விஹாரில் சித்தப்பாவின் தங்கை வீட்டில் சாப்பாடு. புளூலைன் பஸ்ஸில் போனோம். அந்த பஸ் நிற்காது, வேகம் மட்டும் குறையும். கண்டக்டர் வாசலில் தொங்கியபடி பஸ்ஸின் தகரத்தை அறைந்து ஆட்களைக் கூவி அழைப்பார், ஏறப்போனால் “ஜல்தி ஜல்தி” என்று விரட்டுவார். சித்தப்பா ஏறிவிட்டார். அவருடைய ஒரு செருப்பு ஏறவில்லை. பாலத்தில் யமுனை வந்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். கறுப்புத் தண்ணீர், நடுவே வெள்ளை மணல் திட்டு, திட்டின்மேல் வெள்ளரித் தோட்டம். அந்தத் திட்டு எத்தனை வருஷத்து மணல் என்று என் கை அரித்தது.

“அங்கயும் கொழாய எறக்கலாம்னு பாக்கியா?” என்றார் சித்தப்பா ஒற்றைச் செருப்போடு. “அத எங்க வைக்க? இனி ராஷ்டிரபதி பவன்லதான் எடம் கேக்கணும்.”

அங்கே மோர்க்குழம்பு என்ற பெயரில் கடலைமாவு போட்ட பஞ்சாபிக் ‘கடி’ பரிமாறினார்கள். பாதி திருநெல்வேலி, பாதி பஞ்சாப். நன்றாக இருந்தது என்று சொன்னேன். இரண்டாவது முறை ஊற்றிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பல்லா மேடத்துக்கு போன் செய்தேன். நைட்ரஜன் வந்துவிட்டது, உடனே வா என்றார். நேராக மார்க்கெட்டுக்குப் போனேன். வர்கீஸ் கடையில் வர்கீஸ் இல்லை. தரை முழுக்க ஐஸ் தண்ணீர். சாக்கடைக் குழாய் உடைந்து, பிளம்பர் ஒருவர் குந்தியிருந்தார். அவர் முழங்காலுக்குக் குறுக்கே நாலடிக் குழாய் ஒன்று. கையில் ரம்பம். ரம்பம் அசைந்துகொண்டிருந்தது.

சிவப்புச் சாயம் தெரிந்தது.

நான் கத்தியது எந்த மொழி என்று எனக்குத் தெரியாது. பிளம்பர் ரம்பத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். எழுந்தபோது, ஏற்கெனவே அறுபட்டிருந்த ஒரு சாண் துண்டு அவர் கையோடு வந்தது.

“மேடம், மூலையில் குழாய் இருந்தது. சரியான அளவு. எனக்காகத்தான் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்” என்றார் ஹிந்தியில். இன்னொரு கையில் நீளமான கம்பி. “உள்ளே அடைத்திருந்தது. குத்தித் தள்ளிச் சுத்தம் செய்யலாம் என்று...”

அந்தக் கம்பி மட்டும் உள்ளே போயிருந்தால் முகத்துவாரத்தின் நூறு வருஷமும் ஐ.என்.ஏ. மார்க்கெட் சாக்கடையில் கலந்திருக்கும். ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலைக்கு இனி என்ன பதில் சொல்வது? வேறு குழாய் கிடையாது. அந்தத் தரையே கிடையாது.

அப்போதுதான் வெட்டுவாய் கண்ணில் பட்டது.

கரிய சேறு இருக்கும் என்று நினைத்த இடத்தில் வெள்ளையாக மணல் இருந்தது. கரகரவென்ற கடல் மணல். நடுவில் நொறுங்கிய சிப்பிகள். அறுந்த சாண் துண்டுக்குள் கறுப்புச் சேறு, அதன் அடிவாயில் விரல் தடிமனுக்கு அதே மணல். ரம்பம் சேற்றைத் தாண்டி மணலுக்குள் நுழைந்த இடத்தில் அறுத்திருந்தது. முகத்துவாரத்துக்குள், அமைதியான ஆற்றுத்தரையில், கடல் மணல் எப்படி வந்தது? குழாயைப் புதைக்கும்போது ஓர் இடத்துக்கு மேல் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்ததும், ஏழுமலை கட்டையால் மாறி மாறி அடித்ததும் நினைவுக்கு வந்தன. வேர் என்று நினைத்திருந்தோம்.

பிளம்பர் பயந்து போயிருந்தார். “மேடம், இறந்துபோனவருடையதா?” என்று கேட்டார். தில்லியில் எல்லோருக்கும் அதே சந்தேகம். இல்லை என்று தலையாட்டினேன். தண்ணீர் கேட்டேன். அவர் ஓடிப்போய் நன்னாரி சர்பத் வாங்கி வந்தார். அதற்குள் தகவல் தெரிந்து ஓடிவந்த வர்கீஸ், தலையில் அடித்துக்கொண்டு மலையாளத்தில் அவரைத் திட்ட, எனக்காகத் தமிழிலும் ஒருமுறை திட்டினார். இருவரும் சேர்ந்து வெட்டுவாய்களில் பாலிதீன் சுற்றி, இறால் கூடை ஒன்றில் ஐஸ் நிரப்பி, இரண்டு துண்டையும் நிமிர்த்தி வைத்து, ஆட்டோ பிடித்து ஏற்றினார்கள். பிளம்பர் ஆட்டோக்காரரிடம் மெதுவாக ஓட்டச் சொன்னார். பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளு என்றும் சொன்னார்.

பல்லா மேடத்தின் மேசையில் இறால் கூடையை வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் தலையிலிருந்து பென்சிலை எடுத்து வெட்டுவாயைச் சுற்றி அளந்து பார்த்தார்.

“யார் அறுத்தது?”

“பிளம்பர்.”

“நேராக அறுத்திருக்கிறான். எங்கள் ஆள் எப்போதும் கோணலாக அறுப்பான்.” என்னை நிமிர்ந்து பார்த்தார். “பெண்ணே, இதை நான் எப்படி அளப்பேன் என்று நினைத்தாய்? முழுக்குழாயோடு கருவிக்குள் நுழைத்தா? எல்லாவற்றையும் துண்டு துண்டாக வெட்டத்தான் போகிறோம். மேலே கொஞ்சம் கலங்கியிருக்கிறது, அதை விட்டுவிடுவோம். இப்போது மூக்கைத் துடைத்துவிட்டுக் கத்தியை எடு.”

குழாயை நெடுகப் பிளந்தோம். ஒரு பாதி அளப்பதற்கு, மறுபாதி பத்திரப்படுத்துவதற்கு. மேலே ஒரு சாண் கறுப்புச் சேறு. அதற்குள் நூல் ஓட்டியது மாதிரி ஓரிரண்டு மணல் கோடுகள். அதன்கீழ் முழங்கை நீளத்துக்கு ஒரே வெள்ளை மணல், இடையில் துளி சேறு இல்லை. அதற்கும் கீழே மறுபடி பழைய கறுப்புச் சேறு, அதிலும் அவசரமில்லாத மெல்லிய அடுக்குகள். இடைவெளி இல்லாத மணலென்றால் வருஷக்கணக்கில் வந்ததல்ல. ஏதோ ஒரு பெரும்புயல் கடலை உள்ளே தள்ளிவிட்டுப் போயிருக்கிறது.

“ஈயம் சொல்லட்டும்” என்றார் மேடம். ஒவ்வொரு துண்டும் கோட்டைக்குள் நாள்கணக்கில் உட்காரவேண்டும் என்பதால் நான் ஊர் திரும்பினேன். ரயிலில் கை வீசி நடக்க முடிந்தது. ஏதோ ஒன்றை எங்கோ மறந்துவிட்ட மாதிரி நாக்பூர்வரை பதைத்துக்கொண்டே இருந்தது.

மழைக்காலம் தொடங்குமுன் மேடம் போனில் கூப்பிட்டார். மணலுக்கு மேலே உள்ள சேறு மிக நிதானமாகப் படிந்திருக்கிறது, கீழே உள்ளதும் அப்படியே. ஆழம் போனதில் பெரும்பங்கு அந்த ஒரு புயலால்தான். இதைக் கடலூரில் கூட்டம் போட்டுச் சொன்னேன். இரு தரப்பும் என்மேல் கோபப்பட்டார்கள். பொறியாளர்களிடம், “ஒருமுறை தோண்டினால் தாங்கும், ஆனால் அடுத்த பெரும்புயல்வரைதான்” என்று சொல்லவேண்டியிருந்தது. மீனவர்களிடம், “வருஷா வருஷம் தூரவில்லை” என்று சொல்லவேண்டியிருந்தது. ஏழுமலை ஊன்றுகோலோடு எழுந்தார். “அந்தப் புயல எங்கப்பன் சொல்லக் கேட்டிருக்கேன். படகெல்லாம் தென்னமரத்துல மாட்டிக்கிச்சின்னுவாரு. மண்ணு வந்ததப் பத்தி யாரு நெனச்சா?” என்றவர், பொறியாளர்கள் பக்கம் திரும்பி, “அப்ப புயலடிச்சா, மறுநாளே ஆழம் பாருங்க. குறைஞ்சிருந்தா தோண்டுங்க. சும்மா இருக்கிற வருசத்துல நாங்க கேக்கல” என்றார். பொறியாளர்களுக்கு அதை மறுக்க வழியில்லை. அப்படியே எழுதிக் கையெழுத்தானது.

டிசம்பரில் மறுபாதிக் குழாயை எடுத்துவர மறுபடி தில்லி போனேன். இந்த முறை காலையில் வாயைத் திறந்தால் புகை வந்தது. சித்தி இரண்டு ஸ்வெட்டருக்குமேல் ஒரு சால்வை போர்த்திக்கொண்டு, “நானும் வாறேன்” என்று கிளம்பினாள். “என் மானத்த வாங்குனது எதுன்னு நான் ஒரு தடவ பாக்காண்டாமா?”

மேசையில் பாதிக் குழாய் படுத்திருந்தது. இப்போது அது படுக்கலாம், உலர்ந்து இறுகிவிட்டது. பக்கத்தில் பல்லா மேடம் குண்டூசியில் சின்னச் சின்னக் காகிதக் கொடி குத்தி வருஷங்களைக் குறித்திருந்தார். சித்தி குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“நான் பொறந்தது எங்கட்டி?”

மணலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு இடத்தைக் காட்டினேன்.

“புயல் ஓஞ்ச பொறவுதான் வந்திருக்கேன். ஒன் சித்தப்பா வேற மாதிரில்லா சொல்லுவாக.” விரலை மேலே நகர்த்தினாள். “தில்லிக்கு வந்தது?”

கொடியைப் பார்த்துச் சொன்னேன். அங்கிருந்து சேற்றின் உச்சிவரை தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சரியாக ஒரு கையகலம்.

“இம்புட்டுத்தானா?” என்றாள். “இதுக்குள்ளயா நான் இத்தன ஸ்வெட்டர் பின்னுனேன்?”

என்ன சொல்கிறாள் என்று மேடம் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து குனிந்தார். “இத்தனை சேற்றுக்கு வயது பார்த்திருக்கிறேன். என்னுடையதை ஒரு தடவைகூடத் தேடியதில்லை” என்று தலையிலிருந்து பென்சிலை எடுத்துத் தேட ஆரம்பித்தார். கிடைத்தது. சித்தியின் இடத்துக்குக் கீழே, மணலை ஒட்டி. சித்தி தன் ஆள்காட்டி விரலை இரண்டுக்கும் நடுவில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

“ஒரு வெரல் மூப்பு” என்றாள் என்னிடம். பிறகு மேடம் பக்கம் திரும்பி, சால்வையைச் சரிசெய்துகொண்டு, தன் தில்லி ஹிந்தியில் அக்கா முறை வைத்துக் கேட்டாள்: “தீதி, நாளைக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறீர்களா?”